அடையாள அட்டையோடு போன வண்டுகள்

மீள்விவரிப்பு என்றால் "நீ எழுதியது பிழை, திரும்ப எழுதிக்கொண்டு வா" என்று அர்த்தம் என நான் நம்பினேன். சிரிக்க வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் 'மீள்' என்று தொடங்கும் சொற்கள் அரசாங்கக் கந்தோரிலிருந்துதான் வரும். மீள்குடியேற்றம், மீள்பதிவு, மீள்பரிசீலனை. எது வந்தாலும் நான் விளங்கிக்கொள்வது ஒன்றுதான்: முன்பு கொடுத்த படிவம் செல்லாது, இரண்டு போட்டோக்கொப்பியுடன் திங்கட்கிழமை வரவும்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளன். குடுவை கழுவுவதும், அமிலப் போத்தல்களைப் பூட்டிவைப்பதும், இருக்கிற ஒரேயொரு நுணுக்குக்காட்டியைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றுவதும் வேலை. கடற்கரைப் பூச்சிகளை ஆராயும் விரிவுரையாளர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு நாள் அந்த நுணுக்குக்காட்டியைப் பாவித்தார். என்னைவிட இருபது வயது இளையவர். போகும்போது, கரையொதுங்கி அழுகிக் கிடக்கும் சாதாளைக்குள் சின்ன வண்டுகள் ஏதும் கண்டால் ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பச் சொன்னார். சாதாளை என்று நாங்கள் சொல்வது அலை கொண்டுவந்து தள்ளும் கடற்புல்லை. மணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கண்டேன். கடுகில் பாதி அளவு, தவிட்டு நிறம். ஆறு வண்டுகளை ஒரு குப்பியில் போட்டு, கால், மீசை என்கிற உணர்கொம்பு, முதுகு எல்லாம் அளந்து நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். "அண்ணை, இதை நான் இதுவரைக்கும் கண்டதில்லை. கொஞ்சம் பொறுங்கோ" என்று பதில் வந்தது.

பொறுக்கச் சொன்னதை நான் வாசிக்கவே இல்லை. கண்டதில்லை என்றால் உலகத்துக்கே புதிய இனம். புதிய இனம் என்றால் கண்டுபிடித்தவனுடைய பெயர். இதை மனைவியிடம் சொன்னேன். மனைவி தன் தங்கையிடம் சொன்னாள். ஞாயிறு பூசை முடிய, கடைசி ஆசீருக்கு முதல் வாசிக்கும் அறிவித்தல்களில், ஞானப்பாடக் கூட்டத்துக்கும் சிரமதானத்துக்கும் நடுவில் என் வண்டையும் பங்குச் சுவாமி வாசித்தார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் வண்டு மாஸ்டர்.

மூன்று கிழமை கழித்துத் தொலைபேசி வந்தது.

"அண்ணை, நல்ல செய்தி. உங்கட வண்டுக்கு ஒரு மீள்விவரிப்புச் செய்யவேணும்."

"ஓம், ஓம், விளங்குது" என்று வைத்துவிட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. கந்தோர் யன்னல்களுக்கு முன்னால் நின்று நான் படித்த பாடம், விளக்கம் கேட்டால் இன்னொரு படிவம் தருவார்கள் என்பது.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"திருப்பி அனுப்பிப்போட்டினம்."

"வண்டையோ?"

"என்னை."

கோயில் வாசலில் கைகொடுத்தவர்கள் எல்லாரும் வரிசையாகக் கண்ணுக்குள் வந்தார்கள். அவர்களுக்கு என்ன சொல்வேன்? ஒரே வழி, மறுபடி பிடித்து, மறுபடி எழுதி, இம்முறை ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி அனுப்புவது. அரிதட்டைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

"இஞ்சேருங்கோ, அது மா அரிக்கிற தட்டு."

"இதுவும் மா மாதிரித்தான். கொஞ்சம் நடக்கும்."

"அப்ப அதோடயே கடற்கரையில இருங்கோ. இந்தத் தட்டு இனி என்ர குசினிக்குள்ள வரக்கூடாது."

தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று சாதாளையைக் குவித்து வைத்திருந்தது. முழங்காலில் நின்று அள்ளி அரித்தேன். விழுந்த தூளுக்குள் எது ஓடினாலும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக் குப்பிக்குள் இழுத்தேன். குழாய்க்கு நடுவில் சீலைத்துண்டு கட்டியிருந்தது, இல்லாவிட்டால் விஞ்ஞானம் என் வயிற்றுக்குள் போயிருக்கும். ஒரு கழுதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதற்கு இல்லை.

பதினொரு வண்டுகள். புதிய விவரிப்புப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வைத்தேன். தேசிய அடையாள அட்டையின் பிரதியையும் இணைத்தேன். கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் எடுப்போமா என்றும் யோசித்தேன், ஆனால் அவர் வண்டின் வதிவிடத்தை உறுதிப்படுத்த மாட்டார் என்று விட்டுவிட்டேன். பார்சலை யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றினேன்.

அடுத்த அழைப்பு வந்தபோது பஸாரில் என் கூட்டாளி ஒருவனின் ஹாட்வெயார் கடையில் இருந்தேன். எருக்கலம்பிட்டி முஸ்லிம், என் வயதுதான், தொண்ணூறில் அவர்களை ஊரோடு வெளியேற்றியபோது போனவன்.

"அண்ணை, பார்சல் வந்தது. உங்கட ஐடென்டிக் காட் ஏன் வண்டோட வந்தது?"

"மீள்விவரிப்புக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. சிரித்து முடித்துத்தான் விளக்கினார். இந்த வண்டை வெகுகாலத்துக்கு முன்னரே ஒரு வெள்ளைக்காரர் விவரித்திருக்கிறார். அவரிடம் இருந்தது ஒரேயொரு பெண் வண்டு, அதற்கும் ஒரு மீசை இல்லை. எழுதியது நாலு வரி. இடம் என்று போட்டது "இலங்கை", அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் அதைக் கண்டதாகப் பதிவில்லை. அந்த நாலு வரியை முழுமையாக்குவதுதான் மீள்விவரிப்பு.

"அப்ப புது இனம் இல்லையோ?"

"இல்லை அண்ணை. பெயரும் முந்தியே வைச்சாச்சு. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. இந்தக் கூட்டத்தில வெளியால பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி. ஆணை வெட்டி உறுப்பைப் பார்த்தாத்தான் இன்ன இனம் எண்டு அடிச்சுச் சொல்லலாம். வீட்டுப் பூட்டின்ர திறப்பு மாதிரி, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு வெட்டு. முதல் ஆறில நாலைப் பார்த்திட்டன், நாலும் பெண். மிச்சத்தை இனித்தான் பார்க்கவேணும். ஆண் இல்லாட்டி இந்தக் கட்டுரை நிக்காது."

முதலில் பெயர் போயிற்று. இப்போது கட்டுரையும் போகப் பார்க்கிறது. கோயிலுக்குப் போகாமல் எத்தனை ஞாயிறு சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். கூட்டாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான்.

"புதுசு இல்லையாம் மச்சான்" என்றேன்.

"அதுக்கென்ன. நாங்க தொண்ணூறில போய்த் திரும்பி வந்தப்போ புதுசா வந்தவங்க எண்டா எழுதினாங்க? மீள்குடியேறினோர் எண்டுதான் எழுதினாங்க. முந்தியே இங்க இருந்த ஆக்கள் எண்டு அந்தச் சொல்லுக்குள்ளயே கிடக்கு. உன்ட வண்டும் எங்கட ஆள்தான் போல."

'மீள்' என்ற சொல்லைக் கண்டு நான் பயப்படாத முதல் நாள் அது.

கட்டுரை வந்துவிட்டது. அந்த வண்டுக்குக் கால் எத்தனை துண்டு, முதுகில் எத்தனை வரி என்று இப்போது உலகத்துக்குத் தெரியும். விலாசமும் கிடைத்திருக்கிறது: மன்னார்த் தீவு, தென்கரை, அழுகும் சாதாளைக்குள். சாதாளை என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே போடச் சொல்லி நான்தான் அடம்பிடித்தேன். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர், வண்டின் அளவு எழுத்தில்.

அச்சிட்ட தாளோடு சுவாமியிடம் போய், புதிய வண்டு அல்ல, பழைய வண்டு என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்ப ஒரு மீள் அறிவித்தல் வாசிக்கோணும்" என்றார். வாசித்தார். நான் முன்வாங்கில் நிமிர்ந்து இருந்தேன்.

முதல் குப்பியில் இருந்த ஆறும் பெண். ஆண் வண்டு ஒன்றே ஒன்றுதான், அது அடையாள அட்டையோடு போன குப்பியில் இருந்தது.