வியர்க்கிற கை

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரே காரணம், அங்கே வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். லென்ஸில் விரல் பதியக் கூடாது அல்லவா! அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கை வியர்க்கும். மழையோ வெயிலோ, கை மட்டும் சில்லென்று பிசுபிசுக்கும். பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டை. கடையில் பட்டப்பெயரே 'கர்ச்சீப்'. அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்படாமல் "என்னப்பா?" என்று திரும்புவார், தங்கமான மனுஷன்.

யாராவது கை குலுக்க வந்தால் சட்டென்று இரண்டு கையிலும் எதையாவது தூக்கிக்கொள்வார். "என்ன சுறுசுறுப்பு!" என்று முதலாளி மெச்சுவார். சுறுசுறுப்பாவது ஒன்றாவது!

ஒரே மகள். அவளிடம் மட்டும் அவருக்கு இந்தக் கூச்சம் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கை கோத்துக்கொண்டுதான் போவார்கள். ஒருநாள் அவள் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலப் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். அடேயப்பா, ஈரத்துக்கு அந்த மொழியில் எத்தனை சொல்! தொப்பலாக நனைந்தால் 'வெட்'. கொடியில் அரைகுறையாகக் காய்ந்த சட்டை 'டேம்ப்'. பதமாக வெந்த கேக் 'மாய்ஸ்ட்'. கடைசியாக 'கிளாமி'.

"அது என்னடி ஈரம்?" என்றாள் அம்மா.

"சில்லுனு, பிசுபிசுன்னு, தொட்டா அய்யேன்னு இருக்குமே, அந்த ஈரம்மா. அப்பா கை மாதிரி."

அம்மா சிரித்தாள். அவரும் சிரித்தார். குழந்தை மனதில் ஒன்றுமில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் அந்த 'அய்யே' அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாள் சாலையைக் கடக்க அவள் கையை நீட்டியபோது, அவர் புத்தகப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். கேட்டால்தானே! அவள் வளர்ந்தாள், கல்யாணமும் ஆனது. அவர் தொடவே இல்லை.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தை தலை திரும்பவில்லை, ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வந்து சேரவில்லை. அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். ஆபரேஷன் அறை வாசலில், தள்ளுகட்டிலில் கிடந்த மகளின் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

"அப்பா, கை குடுங்க."

"இப்ப நர்ஸ் வந்துடுவாங்கம்மா."

"பயமா இருக்குப்பா. கை குடுங்க."

கைக்குட்டையை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். துடைக்கத் துடைக்க ஊறியது. பெற்ற பெண் கேட்கிறாள், கொடுக்க முடியவில்லையே!

"ஈரமா இருக்கும்மா. உனக்குப் பிடிக்காது."

"யாரு சொன்னா?"

"நீதான். சின்னப் புள்ளையா இருந்தப்போ."

அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. அவரையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன், அதான் அப்பா என்னைத் தொடுறதே இல்லைன்னு நினைச்சுட்டிருந்தேன்ப்பா."

அடப்பாவமே, இத்தனை வருஷமாகவா! அவர் கைக்குட்டையை எங்கே போட்டார் என்று அவருக்கே தெரியாது. கையைக் கொடுத்தார். அவள் கை அவர் கையைவிட அதிகமாக வியர்த்திருந்தது.

கதவு திறந்தது. நர்ஸ் கட்டிலைத் தள்ளினாள். "கையை விடுங்க சார், நேரமாச்சு."

"நான் எங்கேம்மா பிடிச்சிருக்கேன்?" என்றார் அவர். "அவதான் விட மாட்டேங்குறா."