ஓடுகிற வேனுக்கு டயர் மாற்றிய காலை

"…நிறுத்தாம எப்படி தம்பி சரி பண்ணுவ? ஓடுற லோரிக்கு எவனாச்சும் டயர் மாத்துவானா லா?" என்றார் பிலோமினா அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

கிள்ளான் வட்டாரத்தில் டயாலிசிஸ் நோயாளிகளை மையத்துக்கு ஏற்றிப் போகும் வேன்களை அனுப்புவது அவர் வேலை. எந்த வேன் எங்கே வருகிறது என்று காட்டும் புரோகிராமை எழுதியவன் நான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டரைக் கல்லூரியில் படித்தவனில்லை. கேட்டும் கெடுத்தும் கற்றவன்.

புரோகிராமுக்கு அன்றுதான் முதல் நாள். காப்பாரிலிருந்து வந்துகொண்டிருந்த மணியத்தின் வேன், திரையில் திடீரென்று 'வந்து சேர்ந்தது' என்று மாறியது. மையத்து வாசலிலோ வேனைக் காணோம். அதில் வரவேண்டிய சாமிநாதன் அங்கிளின் இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கப் போவதாக மையம் சொன்னது. இடம் போனால் அன்று அவருக்கு டயாலிசிஸ் இல்லை.

அக்கா மணியத்துக்குப் போன் போட்டார். "எங்கடா நிக்கிற?"

"அம்மன் கோயில் வாசல்லக்கா. அங்கிள் உள்ள இருக்காரு. கும்பிடாம ஊசி குத்திக்க மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அக்காவுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. வேன் சற்று நேரம் ஓரிடத்தில் நின்றால் சேர்ந்துவிட்டதாகக் கொள் என்று புரோகிராமில் எழுதியிருந்தேன்.

அக்கா மையத்திடம் கெஞ்சினார். "வழியில இருக்காருன்னு சிஸ்டம்ல காட்டட்டும், இடத்த வைக்கிறோம்" என்றார்கள். ஆனால் புரோகிராமை நிறுத்தித் திருத்தினால் ரோட்டில் இருந்த அத்தனை வேனும் திரையிலிருந்து மறைந்துவிடும். நிறுத்தாமலே திருத்திப் பார்க்கிறேன் என்றேன். அப்போதுதான் அக்காவின் அந்த லோரிப் பேச்சு வந்தது.

நான் எழுதியது எர்லாங் என்ற கம்ப்யூட்டர் மொழியில். அது ஓடுவது விர்ச்சுவல் மெஷினில், அதாவது மெஷினுக்குள் இன்னொரு மெஷினில். அதற்குள் ஒவ்வொரு வேனுக்கும் தனியாக ஒரு சின்ன புராசஸ், அந்த வேனை மட்டும் கவனிக்கிற ஆள் மாதிரி. எந்த வேலைக்கு எந்தக் கோடு, அதாவது எந்தக் கட்டளை வரிகள், என்று அழைக்கிற நேரத்தில்தான் அது தேடிப்போகும். ஆகவே ஓடும்போதே புதிய கோடை உள்ளே ஏற்றலாம் என்று படித்திருந்தேன். உயிருள்ள ஆட்கள் வேனில் இருக்கும்போது செய்து பார்த்ததில்லை.

மையத்து வாசலில் நின்றால் மட்டுமே சேர்ந்ததாகக் கொள் என்று மாற்றினேன். புதிய கோடை ஏற்றச் சொல்லி லோட் கொடுத்தேன்.

ஒரு வேன்கூடத் திரையில் இமைக்கவில்லை. கையில் இருந்த வேலையைப் பழைய கோடிலேயே முடித்துவிட்டு, அடுத்த செய்தி வந்ததும் ஒவ்வொரு புராசஸும் புதிய கோடுக்குள் தானாக நடந்து போனது. மணியத்தின் வேன் 'வழியில்' என்று மாறியது. மையம் அங்கிளின் இடத்தை அவருக்கே வைத்துக்கொண்டது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: கோடு எழுதும் முன் ஒருநாள் அந்த வேனில் ஏறிப் போய் வந்துவிடுங்கள்.

"மாத்திட்டியேடா!" என்ற பிலோமினா அக்கா, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி போனை எடுத்தார். "மணியம், அங்கிள அவசரப்படுத்தாத. நல்லா கும்பிடட்டும். அப்படியே என் பேரையும் சொல்லச் சொல்லு."