வளையல் யார் கைக்கு?

குழந்தையில்லாதவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை, வழுக்கைத் தலையோடு கூந்தல் தைலம் விற்கிற மாதிரி. திருவண்ணாமலையில் ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் குழந்தை இல்லை. வருகிறவர்கள் முதலில் கேட்பதே, "உங்களுக்கு எத்தனை பசங்க மேடம்?" என்பதுதான். நான் "உட்காருங்க" என்பேன். அடுத்தவர் அழுகைக்கு எதிரே சம்பளத்துக்கு உட்காரும் எல்லோருக்கும் என் நிலைமை புரியும். பௌர்ணமியன்று மட்டும் எங்களுக்குக் கூட்டம் கம்மி. எல்லோரும் மலை சுற்றப் போய்விடுவார்கள். மறுநாள் வீங்கின காலோடு எங்களிடம் வருவார்கள்.

அப்படி ஒரு மறுநாள் வந்தவள்தான் பரிமளா. அவளும் அதையேதான் முதலில் கேட்டாள்.

யார் ஜாடை?

பரிமளாவும் கணவர் ஏழுமலையும் கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயம் பார்க்கிறவர்கள். முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் அவளுடைய கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். குழந்தையும் தங்கவில்லை. ஏழுமலையின் அண்ணி ஜெயந்திக்கு இரண்டு பிள்ளைகள். வேங்கிக்காலில் குடியிருக்கிறாள். தன் ஓர்ப்படிக்காகத் தான் சுமப்பதாக அவளே முன்வந்தாள். வாடகைத் தாய் என்கிற பெயர்தான் மிச்சம். வாடகை வாங்கச் சட்டத்தில் இடமில்லை. மருத்துவச் செலவும் காப்பீடும் மட்டும்தான்.

குழந்தைக்கு ஜெயந்தியின் ஜாடை வருமா என்று கேட்டார்கள். பரிமளாவின் முட்டையையும் ஏழுமலையின் விந்தணுவையும் வெளியே சேர்த்து, அந்தக் கருவைத்தான் ஜெயந்தியின் கர்ப்பப்பையில் வைப்போம் என்று படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினேன். ஏழுமலை ஒரே மூச்சில் முடித்துவிட்டார். "நாத்து எங்களுது. நடறது மட்டும் அண்ணன் கழனியில. அவ்ளோதானங்க?"

தனியாக ஒரு கேள்வி

சுமக்கப் போகிறவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது எங்கள் முறை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஜெயந்திக்குப் படிவத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். கருவை வைக்கும் நிமிஷம் வரைக்கும் வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, வீட்டில் யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டேன். பதில் சொல்வதற்கு முன் கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"கட்டாயம்லாம் இல்லீங்க. பரிமளா எங்க வீட்டுக்கு வந்தா எம் பையன் சட்டைய எடுத்து மோந்து பாக்கறா. யாரும் பாக்கலன்னு நெனச்சுக்கிறா. அத இனிமே என்னால பாக்க முடியாது."

கனம்

பிறகு காகிதங்கள். மருத்துவக் குழுவின் சான்று, பிறக்கும் குழந்தை இவர்களுடையது என்று நீதிமன்ற உத்தரவு, அதற்கு நகல், நகலுக்கு நகல். பிள்ளை வருவதற்கு முன்பே பிள்ளை கனத்துக்கு ஒரு கோப்பு சேர்ந்துவிடும். மாதக்கணக்கில் அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி இறங்கினாள் பரிமளா. ஒருநாள் என் மேசை மேல் வையேன் என்றேன். மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கையிலயே இருக்கட்டும் மேடம். கனம் பழகட்டும்."

முதல் போன்

முதல் முறை கரு ஒட்டவில்லை. ரத்தப் பரிசோதனை ஜெயந்தியுடையது என்பதால் நான் ஜெயந்திக்குத்தான் போன் செய்தேன். அது தப்பு. அந்தச் செய்தியைத் தன் வாயால் பரிமளாவிடம் சொல்ல வேண்டிய பாவம் அவள் தலையில் விழுந்தது. ஏதோ தன் உடம்பு செய்த குற்றம்போல அவளிடம் மன்னிப்புக் கேட்டாளாம்.

இரண்டாம் முறை ஒட்டியது. இந்தத் தடவை யாருக்கு முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ரிசல்ட்டோடு வெளியே வந்தால், ஜெயந்தியே அங்கே நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லாதீங்க. மொதல்ல அவளுக்கு போன் அடிங்க."

வளைகாப்பு

ஏழாம் மாதம் வேங்கிக்காலில் வளைகாப்பு. என்னையும் அழைத்திருந்தார்கள். தட்டில் கண்ணாடி வளையல் தயாராக இருக்கிறது, யாருக்கு அடுக்குவது என்றுதான் தெரியவில்லை. ஜெயந்திக்குத் தலைப்பிள்ளையின்போதே ஆயிற்று. வயிறே இல்லாதவளுக்கு எதற்கு என்று ஒரு அத்தை முணுமுணுத்தார். பரிமளா மெதுவாக எழுந்து சமையலறைப் பக்கம் போகப் பார்த்தாள். ஜெயந்தி அவள் கையைப் பிடித்து இழுத்து மனையில் உட்கார வைத்தாள்.

"வளையல் சத்தம் கொழந்தைக்குத்தான? எந்தக் கை ஆட்டுனா என்ன, போடுங்க."

பிரசவ நாள்

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பரிமளா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, ஜெயந்தியின் வயிற்றுக்குப் பக்கத்தில் கையை ஆட்டிவிட்டுப் போனாள். வேலைக்காரி பாத்திரம் தேய்த்தால்கூட அந்த வீட்டில் இவ்வளவு சத்தம் வராது என்று ஜெயந்தியின் கணவர் என்னிடம் அலுத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நாளில், வளையலோடு உள்ளே வரக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். கழற்ற மனசில்லாமல் பரிமளா வெளியிலேயே நின்றாள். ஒரு மணி நேரம் கழித்துப் பெண் குழந்தையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தோம். ஊரைக் கூட்டுகிற அழுகை. கனம் பழகிய கைதான், ஆனாலும் மரக்கட்டையாக நின்றுவிட்டது. அப்போது ஜெயந்தியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதி மயக்கத்திலும் அவளுக்கு நிலைமை தெரிந்துவிட்டது. "நிக்கிறியே, கைய ஆட்டுடி."

ஆட்டினாள். குழந்தை நடுவில் ஒரு தடவை அழுகையை நிறுத்திக் கேட்டது. பிறகு மறுபடி அழுதது. இல்லாததை நான் சொல்ல மாட்டேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை வேண்டியிருந்ததால் பரிமளா குழந்தையை என் பக்கம் நீட்டினாள். "ஒரு நிமிஷம் புடிங்க மேடம். உங்களுக்கு எத்தன பசங்கன்னு இனிமே கேக்க மாட்டேன்."

வழுக்கைத் தலைக்காரிக்கும் தைலத்தின் வாசனை அன்றைக்கு ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது.