பறியைக் கடித்த வாய்

காலடிப்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துத் தருவேன். என் கடையில் எழுத்துப் பிழை வராது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம். அதை நம்பித்தான் எண்ணூர் முகத்துவாரத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் சொற்களைத் தொகுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

விஷயம் இதுதான். ஆற்றில் சாம்பலும் சுடுநீருமாகக் கழிவு விட்ட ஒரு கம்பெனியோடு நடந்த வழக்கு சமரசத்தில் முடிந்திருந்தது. வந்த பணத்தில் ஒரு பகுதியை அந்த மக்களின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் உடல்நலத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதைக் கவனிக்க ஒரு குழு. முதலில் அவர்களுக்கே உரிய சொற்களின் பட்டியல் தர வேண்டும், குழு அதை ஏற்க வேண்டும், அதற்கப்புறம்தான் உடல்நலத்துக்கு உள்ள பணம் கைக்கு வரும். அதில் பெண்கள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. கரையோரத்தில் நல்ல தண்ணீர் வரும் ஒரு குளியலறை.

போயும் போயும் குளியலறையா என்று நான்கூட நினைத்தேன். அவர்களுடைய மகளிர் குழுத் தலைவி என்னைவிட நாலைந்து வயது சின்னவர். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். கால் முழுக்கத் தோல் வெடித்துப் புண்ணாகிக் கிடந்தது.

"உப்புத்தண்ணி, சாம்பத்தண்ணி அல்லாம் மேல ஊறிக்கினே வூட்டுக்கு நடக்கணும்க்கா. ஈரமா கீறோம்னு ஷேர் ஆட்டோக்காரன் நிறுத்த மாட்டான். வூடு போயி நாலு சொம்பு ஊத்திக்கிறதுக்குள்ள உடம்பு பத்திக்கினு எரியும்" என்றார்.



மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். சமுதாயக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கட், மூன்று கட்டம் போட்ட அழகான அட்டவணை. சொல், பொருள், எங்கே எப்போது சொல்வது. சேற்றில் எத்தனை வகை என்று கேட்டேன். "சேறு சேறுதான்க்கா" என்றார்கள். தண்ணீரில் எத்தனை வகை? "தண்ணிதான்க்கா." மூன்று நாள் இப்படியே போனது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "உங்க குளியலறைக்குத்தானே நான் இங்க தொண்டைத் தண்ணி வத்தக் கத்திக்கிட்டு இருக்கேன்!" என்று பொரிந்து தள்ளிவிட்டேன். தலைவி மெதுவாகச் சொன்னார்.

"எங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னு கீதா இன்னா? குந்திக்கினு கேட்டா வராதுக்கா. காலு வெச்சாதான் வரும். நாளைக்கு தண்ணி வடியறப்ப வா."

போனேன். நைட்டிக்கு மேல் துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் குந்தினார்கள். கால் சேற்றைத் துழாவும், இரண்டு கையும் இறாலைப் பிடிக்கும். பிடித்ததைப் போட வேண்டுமே, அதற்குத்தான் பறி. பனையோலையில் முடைந்த கூடை. அதைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். மொழியைத் தொகுக்க வந்தவள் எதிரில் அத்தனை பேர் வாயிலும் கூடை! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் அது கேட்டது. கூடையைக் கடித்த வாய்க்குள்ளிருந்து ஒரு முனகல். கடைசியில் இருந்த பெண் நீளமாக ஒன்று இழுத்தாள். வரிசை முழுவதும், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்காமல், இடது பக்கம் நகர்ந்தது. நடுவிலிருந்து குட்டையாக இரண்டு. அங்கே கைகள் குவிந்தன, இறால் துள்ளியது. மேலே ஏறும் முனகலுக்கு ஒரு பொருள், கீழே இறங்கும் முனகலுக்கு வேறொரு பொருள். இத்தனை வருஷம் தமிழை எழுத்து எழுத்தாகப் பார்த்து வயிறு வளர்த்தவள் நான். உதட்டைக்கூடத் திறக்காமல் ஒரு கூட்டம் பேசிக்கொள்ளும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

பறியை எடுத்து மூச்சு வாங்கும்போதெல்லாம் சொற்களும் வந்தன. கேட்காமலே வந்தன. "இது சிப்பித்தரை, காலைக் கிழிக்கும். இது கஞ்சிச்சேறு, அதும் மேல நிக்காத. இங்க கணுக்கால்ல சுடுது பாரு, இது வெந்தண்ணி." ஒவ்வொன்றையும் என் காலை வைக்கச் சொல்லித்தான் சொன்னார்கள். மூன்று நாள் கூடத்தில் ஒன்றுமே தெரியாதவர்கள் மாதிரி இருந்தவர்களா இவர்கள்!

கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது எனக்கு. வரிசையைத் தாண்டி நானாக நடந்தேன். பின்னால் ஒரு முனகல், அடித்தொண்டையிலிருந்து வெட்டி வெட்டி வந்தது. எல்லாரும் வைக்கப்போன காலை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். எனக்குத்தான் புரியவில்லை. இன்னொரு அடி வைத்தேன், கீழே தரையே இல்லை. மணல் அள்ளிய பள்ளம். தண்ணீர் தலைக்கு மேல் போனது. யாரோ என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். இருமிக்கொண்டே கண்ணைத் திறந்தால் தலைவி. அவர் வாயில் பறி இல்லை. காலையிலிருந்து பிடித்த இறாலோடு அது கவிழ்ந்து போய்க்கொண்டிருந்தது. அதை ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அதான் முன்னாடியே சொன்னோமேக்கா" என்றார்.

உண்மைதான். சொல்லியிருந்தார்கள்.

நல்லவேளை, போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சொற்களையெல்லாம் அடித்து முடித்தேன். முனகல்களை எப்படி அடிப்பது? எந்த எழுத்தைப் போட்டாலும் பொய்யாக இருந்தது. 'சொல்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, பொருளை மட்டும் அடித்தேன். என் கடையிலிருந்து காலிக் கட்டத்தோடு ஒரு தாள் வெளியே போனது அதுதான் முதல் தடவை.

குழுவிலிருந்து வந்தவர் ஓய்வு பெற்ற அதிகாரி. மரியாதையானவர், கறாரானவர். அதே கூடத்தில் பெண்கள் எல்லாரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் தாளைப் புரட்டினார்.

"இதெல்லாம் தமிழ்ச் சொற்கள்தானேம்மா. தனியா இவங்களுக்குன்னு ஒரு மொழி இருக்குன்னு நான் எப்படி எழுதறது? இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"அது முனகல் சார். அடிக்க முடியல."

"முனகலை மொழின்னு குழு ஏத்துக்காதும்மா. நான் தப்பு சொல்லலை, விதி அப்படி."

தலைவி தன் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! விளக்கிச் சொல்லப் பொறுமையில்லை. கூடத்து ஸ்பீக்கரில் போனைச் செருகி, பதிவைத் தேடி ஓடவிட்டேன். தண்ணீர்ச் சத்தம், காக்கா, தூரத்தில் லாரி. பிறகு அந்த அடித்தொண்டை முனகல், வெட்டி வெட்டி.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. சிமெண்டுத் தரையிலிருந்து அத்தனை பெண்களின் கால்களும் ஒரே நேரத்தில் மேலே எழும்பிவிட்டன. ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தின் ஓரத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள்கூடக் கால்களை மடக்கிக்கொண்டாள். பதிவு நின்ற பிறகும் ஒரு காலும் கீழே இறங்கவில்லை.

அதிகாரி எழுந்து நின்று அந்தக் கால்களைப் பார்த்தார். தோல் வெடித்த, புண்ணான கால்கள். பிறகு உட்கார்ந்து, காலிக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஒலிப்பதிவைக் காண்க' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"குளியலறைக்கு இடம் ஏதாவது பாத்து வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

தலைவி அப்போதுதான் காலைத் தரையில் வைத்தார்.

"பாத்து பன்னெண்டு வருஷம் ஆவுது சார்."