தகட்டு ராஜா சொன்ன வார்த்தை

ரத்தினபாய் டீச்சருக்குச் சண்டை என்றால் பயம். பாம்புக்கோ இருட்டுக்கோ அவள் பயந்தவளில்லை. கணவர் இறந்த பிறகு செம்பாக்கத்தில் மாதாகோயிலை ஒட்டிய வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். ஆனால் தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்திவிட்டால் போதும், கதவைச் சாத்திக்கொள்வாள். சிறுமியாக இருந்தபோது ஒரு திருவிழாவில் எவனோ சொன்ன சொல்லை வேறு எவனோ தப்பாகக் காதில் வாங்கிக்கொள்ள, காலையில் சேர்ந்து பந்தல் போட்டவர்கள் மாலையில் கழியோடு எதிரெதிரே நின்றார்கள். அவளுடைய அப்பா மண்டை உடைந்து, வேட்டியெல்லாம் ரத்தமாக வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு எதைப் பேசினாலும் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

அவள் ஆங்கில ஆசிரியை. ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவளிடம் படித்தார்கள். ஏரிக்கரையில் புதிதாக வந்த காலனியின் பிள்ளைகள் சாயங்காலம் டியூஷனுக்கு வந்தார்கள். ஊருக்கும் காலனிக்கும் பொதுவாக இருந்த மனுஷி அவள் ஒருத்திதான் என்று சொல்லலாம்.

எண்பத்தைந்தாம் வருஷக் கடைசியில் காலனிக்காரர்கள் ஏரிக்குப் போகும் சந்தில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார்கள். திருட்டு ஜாஸ்தியாகிவிட்டது என்றார்கள். மாடு ஓட்டுகிறவர்களும் துணி துவைக்கப் போகிறவர்களும் வெயிலில் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். குழாயடியில் அந்தப் பேச்சுத்தான். காலனிச் சங்கத்தின் செயலாளர் யக்ஞநாராயணன், பாங்கில் வேலை பார்ப்பவர், மோசமான மனிதரல்ல. கசப்பைக் குறைக்க அவருக்குத் தோன்றிய வழி, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கொட்டகையில் வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்துப் படம் போட்டு, ஊர் ஜனத்தையும் கூப்பிடுவது.

"என் மச்சினன் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டுவந்த கேசட் டீச்சர். ஸ்பேஸ் படம். ஹீரோ பறப்பான், கையாலயே மலையைத் தூக்குவான். ஆனா முழுக்க இங்கிலீஷ். நீங்க மைக்கைப் பிடிச்சுண்டு கதையைச் சொன்னேள்னா எல்லாருக்கும் புரியும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். மறுத்தால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள் என்று பயந்து தலையாட்டினாள்.

பகல் மூன்று மணிக்கே கொட்டகை நிரம்பிவிட்டது. முன்னால் ஜமக்காளத்தில் ஊர் ஜனம். பின்னால் நாற்காலிகளில் காலனிக்காரர்கள். யாரும் யாரையும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. வெளிச்சம் வராமலிருக்கத் தார்ப்பாய் கட்டியிருந்ததால் உள்ளே புழுங்கியது. டீவிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் அவள் உட்கார்ந்துகொண்டாள்.

கதை சுவாரசியமாகத்தான் இருந்தது. கடலே உலகமாக இருக்கும் ஒரு கிரகம். அங்கே பச்சைத் தோலுள்ள நீர்க்காரர்கள். வேறு கிரகத்திலிருந்து உடம்பெல்லாம் வெள்ளித் தகடு போட்ட ஜனங்கள் கப்பலில் வந்து இறங்குகிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பறக்கிற ஹீரோ. நீர்க்காரர்கள் விருந்தாளியை வரவேற்றால் கடற்சேற்றை அள்ளி அவன் மார்பில் பூசுவார்கள். எங்கள் மண் இனி உன்னுடையது என்று அர்த்தம். தகட்டுக்காரர்களுக்கோ பிறத்தியார் கை உடம்பில் பட்டால் உயிர் போகிற அவமானம். அவர்கள் ஒருவரை மதித்தால் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வார்கள். நீர்க்காரர்களுக்கு அது காறித் துப்புவதற்குச் சமம்.

ரத்தினபாய் இதையெல்லாம் வகுப்பில் பாடம் நடத்துவதுபோல எடுத்துச் சொன்னாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவளுக்கே கொஞ்சம் தைரியம் வந்திருந்தது.

அப்போது ஜமக்காளத்திலிருந்து ரவி சத்தம் போட்டான். தனத்தின் மகன், டெம்போ ஓட்டுகிறவன், ஒருகாலத்தில் அவளிடம் படித்தவன். "டீச்சர், இந்தத் தகடு போட்ட ஆளுங்க நம்ம காலனிக்காரங்க மாதிரியே கீறானுங்க! மூஞ்சத் திருப்பிக்கினு போறத பாருங்க!"

முன்னால் ஒரே சிரிப்பு. பின்னால் நாற்காலிகள் கிரீச்சிட்டன. "சேறு பூசறது யாருன்னும் எங்களுக்குத் தெரியும்" என்றது ஓர் இளவட்டக் குரல். சிரிப்பு நின்றுவிட்டது.

இனி வரப்போவது என்ன என்று ஆங்கிலம் தெரிந்த அவளுக்குப் புரிந்துவிட்டது. திரையில் தகட்டு ராஜா மார்பில் வழியும் சேற்றோடு எழுந்து நின்றான். ஆத்திரத்தில் அவன் சொன்னது இதுதான்: "இவர்கள் புழுக்கள். இவர்களுடைய கடலை அடைத்துவிடுங்கள்."

அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தன. மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"ராஜா என்ன சொல்றார்னா... உங்க பழக்கம் எங்களுக்குப் புரியல, பழகிக்கக் கொஞ்சம் டைம் குடுங்கன்னு கேக்கறார்."

திரையிலோ கடலை வளைத்து நெருப்புச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. நீர்க்காரர்கள் அலறியபடி ஓடினார்கள்.

"டைம் கேட்டவன் இன்னாத்துக்குச் செவுரு வெக்கிறான்?" என்றாள் ரவியின் அம்மா தனம்.

"அது... புயல் வருதாம். அவங்களக் காப்பாத்தறதுக்கு."

யக்ஞநாராயணன் எழுந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. தப்பு என்று தெரிந்தால் திருத்தாமல் இருக்க முடியாத சுபாவம், அவ்வளவுதான். "டீச்சர், அவன் அப்படிச் சொல்லலையே. புழுன்னு திட்டறான். கடலை மூடுங்கோங்கறான்."

ரவி மெதுவாக எழுந்து நின்றான்.

"எங்களப் புழுன்னு சொன்னத மறைக்கிறியா டீச்சர்? நீயும் அவுங்க ஆளுதானா?"

படத்தில் வந்த வார்த்தை எப்போது அவர்கள் மேல் வந்து விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ சொல்ல மைக்கை உயர்த்தினாள். அதற்குள் ஒரு நாற்காலி பறந்துவந்தது. டீவி சாய்ந்து வெடித்தது. தார்ப்பாய் அறுந்து வெயில் உள்ளே கொட்டியது. பிள்ளைகள் வீறிட்டார்கள். அவள் மேஜைக்கடியில் புகுந்து காதைப் பொத்திக்கொண்டாள். கால்கள், கால்கள், செருப்புகள். கொஞ்ச நேரத்தில் சந்துப் பக்கமிருந்து இரும்பைப் பெயர்க்கும் சத்தம் கேட்டது.

போலீஸ் வந்தது. தனத்துக்குக் கை எலும்பு முறிந்திருந்தது. காலனியில் இரண்டு பேருக்கு நெற்றியில் தையல். ரவியை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் ரத்தினபாயைக் கேட்டார்: "நீங்க என்ன சொன்னீங்கம்மா?" அவள் அழுதாள்.

டியூஷன் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். குழாயடிக்கு அவள் போனால் பேச்சு அடங்கியது. வாசலில் காலடி கேட்டால் போதும், பின்கட்டுக்குப் போய்விடுவாள். ஒருநாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். ரவி. ஸ்டேஷனிலிருந்து விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"டீச்சர், நீங்க உள்ள கீறீங்கன்னு தெரியும். தொறக்க வாணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த ராஜா நெசமா இன்னா சொன்னான்?"

கதவுக்குப் பின்னால் நின்றபடி அவள் அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னாள்.

வாசற்படியில் அவன் உட்காரும் சத்தம் கேட்டது.

"அத அப்பவே சொல்லியிருந்தா, அவன் வில்லன், பேசறான்னு பாத்துனு இருந்திருப்போமே டீச்சர். ஹீரோ வந்து ஒதைப்பான்னு குந்தியிருப்போம்." கதவை ஒரு தடவை தட்டினான். "நீங்க அவுங்களப் பாத்து பயப்படல. எங்களப் பாத்துதான் பயந்துகினீங்க. இப்பவும் கதவைத் தொறக்கல பாருங்க."

இல்லை என்று சொல்ல நினைத்தாள். தான் பிறந்த ஊர், தன்னிடம் படித்த பையன். ஆனால் அவளுடைய கை தாழ்ப்பாளைவிட்டு வரவில்லை. சந்து திரும்பும்வரை அவனுடைய செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.

தாசில்தார் வந்து பேசி முடித்து, சந்து பகலில் திறந்தே இருக்கும் என்று ஏற்பாடானது. யக்ஞநாராயணன் மாற்றலாகி வடக்கே போனார். நாளடைவில் தனம் அவளிடம் ஓரிரு வார்த்தை பேசினாள். ரவி பேசவில்லை.

தொண்ணூற்று மூன்றில் ஓய்வு பெற்று அவள் மாடம்பாக்கத்தில் தங்கை ஹில்டா வீட்டோடு போய்விட முடிவு செய்தாள். சாமான் ஏற்ற வந்தது ரவியின் டெம்போ. பீரோவையும் கட்டிலையும் அவனே கயிறு போட்டுக் கட்டி, முன்னால் ஏறிக்கொள்ளுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினான். மாடம்பாக்கம் வரைக்கும் அவள் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, பயந்தது எங்களைப் பார்த்துத்தானே என்று அவன் மறுபடி கேட்டுவிடுவானோ என்ற பயத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவன் கேட்கவில்லை. அந்த ஊர்ச் சிவன் கோயிலைத் தாண்டும்போது மட்டும், "எந்தப் பக்கம் டீச்சர்?" என்றான். அவள் கையைக் காட்டினாள்.