கழுவிக் கொண்டுவந்த வண்டி

கான் ஹொய் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அமீர் அலி வண்டியின் மூடியைத் தூக்கினார். இஞ்சின் பளபளவென்று இருந்தது.

"யாருய்யா கழுவுனது?"

"நான்தான் பாய்," என்றான் ஜெரார் பெருமையாக. புதுச்சேரிக்காரன், ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொண்டுபோகும் குளிர்வண்டியை ஓட்டுகிறவன். "போன தடவ அழுக்கு வண்டின்னு அந்தத் திட்டு திட்டுனீங்களே. மண்ணெண்ணெ போட்டுத் தேச்சேன்."

திட்டியது உண்மைதான். காரைக்காலிலிருந்து பதினேழு வயதில் கப்பலேறி இந்த ஊரில் மாமாவின் துணிக்கடைக்கு வந்து, முழம் போடப் பிடிக்காமல் இஞ்சின் பக்கம் ஓடியவர் அவர். அமெரிக்கர்களின் கார்களுக்கு ஏசி பார்த்தே எட்டு வருஷம் போயிற்று. அழுக்கு வண்டியைத் தொடமாட்டார் என்று பேர். இன்றைக்கு அந்தப் பேரே காலை வாரிவிட்டது. குளிரூட்டும் கேஸ் எங்கோ கசிந்து வண்டியில் குளிர் நின்றிருந்தது. கேஸ் கசிந்தால் கூடவே எண்ணெயும் கசியும். அந்தக் கறைதான் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும்.

போருக்கு வந்த அமெரிக்கர்கள் திரும்பிப் போய் ஒரு வருஷமாகிறது. கேஸ் வரத்தும் நின்றுபோய், மிச்சம் ஒரே ஒரு சிலிண்டர். ஓட்டை தெரியாமல் நிரப்பினால் அதுவும் காற்றோடு போகும். சாயங்காலம் சோலோன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ரத்தம் கெட்டுவிடும்.

கொஞ்சம் கேஸ் விட்டு, மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவினார். குமிழி இல்லை. சோதனை விளக்கை ஏற்றினார். கேஸ் பட்டால் அதன் சுடர் பச்சையாகும். ஆற்றுக் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று. கதவைச் சாத்தினார். மறுபடி குழாய் மாட்டும்போது சிந்திய கேஸ் உள்ளேயே தங்கி, எங்கே காட்டினாலும் பச்சை.

"ஐஸ் வச்சு ஓட்டிரவா பாய்?"

"அடியில உறையும், மேல வேகும். ரத்தம்யா அது, மீனா?"

கதவைத் திறந்துவிட்டு, முடியாமல் தூக்கிவைத்த மூடியில் சாய்ந்தார். தோளில் பிசுக்கென்றது. திரும்பிப் பார்த்தார். மூடியின் உட்புறத்தில், கம்ப்ரஸர் சக்கரத்துக்கு நேர் மேலே, எண்ணெய் தெறித்து ஒரு கோடு.

"இத ஏன் தொடைக்கல?"

"கை எட்டல பாய். கோவிச்சுக்காதீங்க."

"நல்லவேள, குள்ளனாப் பொறந்தே."

சக்கரம் சுற்றும்போதுதான் அச்சோரம் கசிகிறது. நின்ற வண்டிக்கு எத்தனை நுரை தடவி என்ன! பழைய கம்ப்ரஸர் ஒன்றிலிருந்து, அச்சைச் சுற்றிக் கசிவை அடைக்கும் சீல் வளையத்தைக் கழற்றி மாட்டி, மிச்ச கேஸ் முழுவதையும் ஏற்றினார். வண்டிக்குள் குளிர் வந்தது. அதில் முகத்தைக் கொடுத்துக் கண்ணை மூடிக் கொஞ்சநேரம் நின்றார்.

ஜெரார் அவசரமாக ஏறி உட்கார்ந்தான். "அடுத்த தடவ கழுவாமலே கொண்டாரேன் பாய்."

"அடுத்த தடவயா?" அமீர் அலி சிலிண்டரைக் காலால் தட்டினார். கணீரென்றது.