செஹெரின் தகர டப்பாக்கள்

துருக்கியின் கிரேசுன் மலையில் எங்கள் ஊர் கொஞ்சம் உயரம். ஏப்ரலில் ஒரு ராத்திரி பனி கொட்டினால் போதும், ஹேசல் கொட்டைச் செடிகளின் துளிரெல்லாம் கருகிவிடும். பக்கத்துத் தோட்டத்து செஹெர் அதற்குப் பயந்தவள் அல்ல. பனி தாங்கும் ரகம் ஒன்றை மேல்மலையிலிருந்து கொண்டுவந்து, எங்கள் வழக்கப்படி வட்ட வட்டமாக, வட்டத்துக்கு ஏழு கன்றாக நட்டாள். கணவர் இஸ்தான்புல்லில் கட்டட வேலையில் இருந்தார். நிலத்தில் பாதிக்குச் சொந்தக்காரன் கொழுந்தன் யாகூப்.

ஆறாம் வருஷம் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. உடைத்தால் ஓடு மட்டும். யாகூப் ஒரு கூடை முழுக்க உடைத்துப் பார்த்தான். அடுத்த ஆகஸ்டிலும் பருப்பு இல்லையென்றால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போடுவதாகச் சொல்லிவிட்டான்.

பிப்ரவரியில் கிளைகளில் சிவப்புப் பெண் பூ எட்டிப் பார்த்தது, குண்டூசித் தலை அளவுதான். பக்கத்திலேயே தொங்கிய ஆண் பூச்சரத்தைச் செஹெர் தட்டினாள். மகரந்தத் தூள் விழவில்லை, எப்போதோ கொட்டித் தீர்ந்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்பு வேலியோரம் ஒரு காட்டு ஹேசல் புதர் நின்றது, எல்லாவற்றுக்கும் கடைசியில் பூப்பது; அதன் தூள்தான் இந்தப் பூக்களுக்கு வேண்டியிருந்தது. தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டுமென்று அதை வெட்டியவள் அவளேதான். எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சுத்தம் என்றால் பைத்தியம், என்னையும் சேர்த்துத்தான்.

மறுநாளே காட்டுக்குப் போய் மஞ்சள் சரம் தொங்கும் கிளைகளை முதுகுக்கூடையில் சுமந்து வந்தாள். ஆலிவ் காய் வந்த காலித் தகர டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி, கிளைகளைச் செருகி, வட்டத்துக்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டாள். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

"கல்யாண வீடு மாதிரி இருக்கே அண்ணி. மாப்பிள்ளை எங்க?" என்றான் யாகூப்.

"டப்பாவுலதான் நிக்கிறாரு. நீ சத்தம் போடாம இரு, கூச்சப்படுவாரு."

ஏப்ரலில் பனி கொட்டியது. என் தோட்டம் கருகியது, அவளுடையது நின்றது. ஆகஸ்டில் முதல் காயை யாகூப் பல்லால் கடித்தான். மென்றான். இன்னொன்று கடித்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசாமல் பை நிறைய அள்ளிக்கொண்டு போய்விட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இலை உதிர்ந்த பிறகு ஒரு காலை, வேரோடு ஒரு காட்டு ஹேசல் புதரைச் சுமந்துகொண்டு வந்த யாகூப், வேலியோரம் பழைய புதர் நின்ற இடத்திலேயே குழி தோண்டினான்.

"வருஷா வருஷம் காட்டுலேர்ந்து தூக்கிட்டு வர வேணாம் அண்ணி," என்றான். "இவரு வீட்டோட மாப்பிள்ளையா இருக்கட்டும்."

செஹெர் தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.